தோட்டக் கதை விளையாட்டுக்கு இசை அமைத்தல்: அடுக்குகள், உறுமிப் பதிவு, உரிமம் பற்றிய ஐயங்கள்

லயத்து ஆர்மோனியம் (சுங்கை சிப்புட்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரத்து இளைஞர்கள் சிலர், ஊதியம் எதுவும் எதிர்பாராமல், மலேசிய ரப்பர் தோட்டத்தைக் களமாகக் கொண்ட கணினி விளையாட்டு ஒன்றைக் கோடோ எஞ்சின் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் உருவாக்கி வருகிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட, தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காகத் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய காலத்தை ஒட்டிக் கதை நடக்கிறது. நிரல், படம், இசை எல்லாவற்றையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வெளியிடுவது அவர்களுடைய முடிவு. இசைப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நான் கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவன். கீபோர்டில் மெட்டமைத்த பழக்கம் உண்டு, ஆனால் விளையாட்டுக்கு இசையமைத்ததில்லை.

விடியற்காலைப் பிரட்டு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடுதல்), தீம்பாரில் (ரப்பர்க் காட்டில்) பாலுக்காக மரம் சீவுதல், மாலையில் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசல், ஆண்டுத் திருவிழா ஆகியவை காட்சிகள். ஆடுபவர் ஒரு காட்சியில் இரண்டு நிமிடம் இருப்பாரா இருபது நிமிடம் இருப்பாரா என்று தெரியாத நிலையில், மெட்டை எங்கே முடிப்பது என்பதே எனக்கு விளங்கவில்லை. திருவிழாக் காட்சிக்கு ஊர் உறுமி மேளக் குழுவினர் வாசித்துத் தரச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களை எப்படிப் பதிவு செய்வது? லயத்து வானொலியில் அந்தக் காலத் திரைப்பாடல் ஒன்று ஒலிக்க வேண்டும் என்று கதை எழுதும் தம்பி விரும்புகிறார். அதற்கு இடமுண்டா?

நிரல் எழுதுபவன் (ஈப்போ):

ஐயா, மெட்டுக்கு முடிவு வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். தீம்பார் காட்சிக்குச் சுருதி ஓர் அடுக்கு, தப்பு மேளம் ஓர் அடுக்கு, குழல் ஓர் அடுக்கு என ஒரே வேகத்திலும் ஒரே நீளத்திலும் தனித்தனிக் கோப்புகளாகக் கொடுத்தால் போதும். மழை பிடித்துப் பால் வீணாகும் நேரத்தில் குழலை அடக்குவதையும், கங்காணி வரும்போது தப்பை உயர்த்துவதையும் நிரல் பார்த்துக்கொள்ளும். 2024-இல் வந்த கோடோ 4.3 பதிப்பிலிருந்து இதற்கென்றே ஆடியோஸ்ட்ரீம் சிங்க்ரனைஸ்ட் என்ற வசதி இருக்கிறது. ஒரு காட்சியின் இசையிலிருந்து அடுத்ததற்கு ஆவர்த்தன எல்லையில், அதாவது தாளத்தின் ஒரு முழு வட்டம் முடியும் இடத்தில், மாறுவதை ஆடியோஸ்ட்ரீம் இன்டராக்டிவ் கவனிக்கும்.

நிமிடத்துக்கு 120 தட்டு, ஆவர்த்தனத்துக்கு நான்கு தட்டு என்று வைத்தால் 16 ஆவர்த்தனம் 32 வினாடிதான் வரும். இருபது நிமிடம் மரம் சீவுகிறவருக்கு அது சலித்துவிடும் என்பதால், 64 ஆவர்த்தனமாக, அதாவது இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாக எழுதுங்கள். மனத்தில் ஒட்டிக்கொள்ளும் குழல் மெட்டை அதிலும் எப்போதாவதுதான் தலைகாட்ட விடுங்கள். சலிப்பைத் தருவது பெரும்பாலும் மெட்டுதான், தாளம் அன்று.

கோப்புகளை எம்பி3 ஆகத் தர வேண்டாம். அந்த வடிவம் முன்னும் பின்னும் சிறு மௌனத்தைச் சேர்த்துவிடுவதால் சுற்றுக்குச் சுற்று தாளம் தடுக்கும். ஓக் வோர்பிஸ் என்ற ஒலிக்கோப்பு வடிவத்தில் அந்தக் குறை இல்லை. இன்னொன்று, எதிரொலி சேர்த்திருந்தால் சுற்று முடியும் இடத்தில் அதன் வால் வெட்டுப்படும். ஆகவே ஒரே சுற்றை இரு முறை தொடர்ந்து ஓடவிட்டு, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் வால் இரண்டாவதின் தொடக்கத்தில் இயல்பாகவே வந்து அமர்ந்துவிடும். சுருக்காத வேவ் மூலங்களையும் பத்திரப்படுத்துங்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட்டுதான் ஆகும்.

உறுமிக்காரன் (கூலிம்):

அண்ணன், உறுமியைக் கீபோர்டு ஒலிகளைக் கொண்டு ஒப்பேற்றாமல் குழுவையே பதிவு செய்ய நினைத்தது நல்ல முடிவு. ஒரு முகத்தை அடித்து மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது, அழுத்தத்துக்கு ஏற்பச் சுருதி ஏறி இறங்குவதுதான் அதன் உயிர். தனித்தனி அடிகளாக வெட்டிய ஒலிகளில் அது வராது.

பதிவுக்குச் சிமெண்டுச் சுவர் சூழ்ந்த மண்டபத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே முழக்கம் சுவரில் மோதித் திரும்பி எல்லாம் கலங்கிவிடும். வண்டிச் சத்தம் இல்லாத செம்பனைக்காட்டு ஓரம் மேல். தப்புத் தோலைச் சூடு காட்டித்தான் முறுக்கேற்றுவோம். சூடு ஆற ஆறச் சுருதி இறங்கும். ஒவ்வோர் அடுக்கையும் பதிவு செய்வதற்கு முன் மறுபடியும் காய்ச்சாவிட்டால், பின்னர் ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது ஒத்துப்போகாது. வேகம் நழுவாமல் இருக்கத் தப்புக்காரர் ஒருவர் காதில் மட்டும் தாளத் தட்டு கேட்கட்டும், மற்றவர்கள் அவரைப் பார்த்து வாசிக்கட்டும். எல்லோருக்கும் ஹெட்போன் மாட்டினால் வாசிப்பில் சூடு போய்விடும்.

நம் மேளத்தில் சாமி அழைக்கும் அடிகள் தனியாக இருக்கின்றன. அவற்றை நிறுத்தி நிறுத்தி ஓடவிடும் ஒரு விளையாட்டில் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை; வீட்டில் கேட்பவருக்கு அருள் வந்தாலும் வரலாம். ஊர்வல அடி மட்டும் வாசித்துத் தருமாறு குழுத் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உரிமத்தாள் (சுங்கை பட்டாணி):

வானொலிப் பாடலுக்கு இடமில்லை ஐயா. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி மெட்டுக்கும் வரிகளுக்கும் படைத்தவரின் ஆயுளும் அதன் பின் 50 ஆண்டும் காப்புண்டு. இந்தியாவில் அது 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கோ தனி உரிமை. விளையாட்டு இணையத்தில் எல்லா நாடுகளுக்கும் போகும் என்பதால் துணிய வேண்டாம். புதிதாக ஒரு பாடல் எழுதி, சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3,500 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டி, சிறிது இரைச்சல் சேர்த்தால் பழைய வானொலிப் பெட்டியின் குரல் வந்துவிடும்.

ஈப்போ நண்பர் சொன்ன அடுக்கு முறை நல்லதுதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. விலைக்கு வாங்கும் கீபோர்டு ஒலித் தொகுப்புகள் பலவற்றின் ஒப்பந்தம், அவற்றின் ஒலிகளைப் பாட்டோடு கலந்து வெளியிட இசைந்தாலும், தனியாகப் பிரித்து மறுபகிர்வு செய்ய இசைவதில்லை. குழல் மட்டும் உள்ள கோப்பைத் திறந்த உரிமத்தில் வெளியிடுவது அந்த எல்லையைத் தொடும். குழலையும் ஆர்மோனியத்தையும் நேரில் வாசித்துப் பதிவு செய்துவிட்டால் கவலை இல்லை. உரிமம், படைத்தவர் பெயரைச் சொல்லி அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 ஆக இருக்கட்டும். வணிகத் தடை விதிக்கும் என்சி வகை உங்கள் நண்பர்களின் நோக்கத்துக்கே எதிரானது. 0 ஏ.டி. என்ற தன்னார்வலர் விளையாட்டின் இசையும் பிஒய்-எஸ்ஏ வகையில்தான் வெளியாகியிருக்கிறது. வாசிக்கும் கலைஞர்களுக்கும் சட்டத்தில் உரிமை உண்டு என்பதால், தலைவர் ஒருவரின் வாய்மொழிச் சம்மதத்தோடு நிற்காமல், ஒவ்வொருவரிடமும் பதிவுக்கு முன்பே கையொப்பம் வாங்குங்கள்.

லயத்து ஆர்மோனியம்:

மூவருக்கும் நன்றி. வானொலிக்குப் புதுப் பாடல் எழுதுகிறேன். குழல் வாசிக்க ஊரிலேயே ஆள் இருக்கிறார். ஓர் ஐயம் மட்டும் மீதம் உள்ளது. ஊர்வல அடி ஆறு தட்டில் ஓடுகிறது, லயத்து வாசல் இசையோ நான்கு தட்டு. ஆடுபவர் லயத்திலிருந்து திருவிழாவுக்குள் நடந்து போகும்போது இரண்டும் இடறாதா?

நிரல் எழுதுபவன்:

தட்டு எண்ணிக்கையை விட்டு ஆவர்த்தனத்தின் நேரத்தைச் சமமாக்குங்கள், ஐயா. நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தில் நான்கு தட்டுக்கு 2 வினாடி. 180 என்ற வேகத்தில் ஆறு தட்டுக்கும் அதே 2 வினாடி. குழுவினருக்கு 180 விரைவாகப்பட்டால் 150-க்கு இறக்கி, லயத்து இசையை 100-க்கு வையுங்கள்; அப்போது இரண்டுக்கும் 2.4 வினாடி வரும். அவர்கள் எந்த வேகத்தில் வாசிக்கிறார்கள் என்பதை ஒத்திகையில் அளந்துவிட்டு, அதன்பின் லயத்து இசையை எழுதத் தொடங்குங்கள்.