ரேபிஸ் அடுத்து எந்த ஊருக்குப் போகும்? மேப் வைத்துக் கணிக்க முடியுமா?

புள்ளிக்கோலம்:
மேப் போடும் மென்பொருளான கியூஜிஐஎஸ் (QGIS) இப்போதுதான் பழகுகிறேன். செமஸ்டர் புராஜெக்டுக்கு ஒரு அமெரிக்க மாநிலத்தின் ரக்கூன் என்ற காட்டு விலங்கின் ரேபிஸ் பதிவுகளை எடுத்து, ஊர்வாரியாக எத்தனை கேஸ் என்று வண்ணம் போட்டேன். பார்த்தால் ஜனநெருக்கடி உள்ள ஊரெல்லாம் சிவப்பு, காடெல்லாம் வெள்ளை. நோய் அடுத்து எங்கே போகும் என்று ஒன்றும் புரியவில்லை. எங்கே சொதப்புகிறேன்?

ஆற்றோரம்:
எண்ணிக்கையை விடுங்கள், தேதியைப் பிடியுங்கள். வீடுகள் நிறைந்த ஊரில் தள்ளாடும் ரக்கூன் யார் கண்ணிலாவது படும், ஆய்வகத்துக்கும் போகும். காட்டில் செத்தது காட்டோடு போச்சு. ஊருக்கு ஊர் முதல் கேஸ் எந்த மாதம் என்பதை ஓரளவு நம்பலாம். அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் இந்த நோய் 1991-ல் மேற்கு எல்லை வழியாக நுழைந்தது. 169 டவுன்களின் முதல் கேஸ் தேதிகளை வைத்து 2002-ல் வந்த ஆய்வில், நடுவே பெரிய ஆறு இருந்தால் பக்கத்து டவுனுக்குத் தொற்றும் வேகம் ஏழில் ஒரு பங்காகக் குறைந்தது. அதனால் வெறும் தூரம் போதாது, மேப்பில் ஆற்று லேயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புள்ளிக்கோலம்:
சரி, ஆனால் பாலம் இருக்கிறதே?

ஊர்சுற்றி:
பாலத்தைவிட வண்டிதான் வம்பு. 1970-களில் வேட்டைக்காக ஃபுளோரிடா பக்கத்திலிருந்து ரக்கூன்களைப் பிடித்து வர்ஜீனியா பக்கம் கொண்டுபோய் விட்டதில்தான் இந்த நோயே வடக்கே வந்தது என்பார்கள். பாலியைப் பாருங்கள், நாலு பக்கமும் கடல், ரேபிஸே இல்லாத தீவு, 2008-ல் வந்துவிட்டது; படகில் வந்த நாய்தான் காரணம் என்று கருதுகிறார்கள். கடிபட்ட பிறகு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட நாய் நன்றாகவே வாலாட்டிக்கொண்டிருக்கும், யாருக்குச் சந்தேகம் வரும்? அந்தக் கனெடிகட் ஆய்வில் நோய் பரவுவதைக் கணிக்கப் போட்ட கணினி மாடலிலும் தூரத் தாவலுக்கென்று தனியாக ஒரு சின்ன வாய்ப்பு வைத்திருந்தார்கள். நீங்களும் வையுங்கள், அப்புறம் மாடலை ஒரே தடவை ஓட்டிவிட்டு நம்பிவிடாதீர்கள், நூறு தடவையாவது ஓட்டுங்கள்.

புள்ளிக்கோலம்:
தேதி மேப் போட்டேன், அலை மாதிரி அழகாக வருகிறது! ஆனால் ஒரு ஊர் மட்டும் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஐந்து மாதம் முன்னாலேயே மார்ச் என்று காட்டுகிறது. இதுதான் வண்டியில் போன கேஸா?

ஆற்றோரம்:
இருக்கலாம். அதற்கு முன் மூலக் கோப்பில் அந்தத் தேதி எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

புள்ளிக்கோலம்:
08/03. அடடா, அமெரிக்கக்காரர்கள் மாதத்தை முதலில் போடுவார்கள்... ஆகஸ்ட் 3! பக்கத்து ஊர்களில் நாள் 12-க்கு மேல் இருந்ததால், அதை மாதமாகப் படிக்க வழியில்லாமல் தப்பித்திருக்கின்றன. மொத்தக் கோப்பையும் திரும்பப் பார்க்கப் போகிறேன்.