மறு: சீனக் காசு – ‘போலி வார்ப்பு’ வேண்டாம், ‘வழிவார்ப்பு’ எனலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

> அசல் காசிலிருந்தே அச்செடுத்து வார்த்ததைப் ‘போலி வார்ப்பு’ என்று சொல்லிவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஐயா. ஆனால் காசைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவருக்கு அந்தச் சொல் எதையும் காட்டாது.

சதுர ஓட்டை உள்ள சீனக் காசு அடித்ததல்ல, வார்த்தது. அக்கசாலையில், அதாவது காசு செய்யும் சாலையில், முதலில் சற்றே பெரிதாக, எழுத்து கூர்மையாக ஒரு காசு செய்வார்கள். சீனத்தில் அதன் பெயரே ‘தாய்க்காசு’ என்பதுதான். அதை மணலில் பதித்த பள்ளத்தில் வெண்கலத்தை ஊற்றினால், ஆறும்போது சுருங்கிப் புழக்கக் காசு ஆகும். அந்தப் புழக்கக் காசையே இன்னொருவர் மணலில் பதித்தால் மறுபடியும் ஒரு சுருக்கம். 24 மி.மீ. காசில் ஏறக்குறைய அரை மி.மீ. போய்விடும். தாய், மகள், பேத்தி என்று இறங்க இறங்க உருவம் சிறுக்கும், எழுத்து மழுங்கும்.

வெளிவிட்டத்தை மட்டும் அளந்து முடிவு கட்டாதீர்கள். ஓட்டையில் சதுரக் கம்பி கோத்து விளிம்பை அராவுவது அக்கால வழக்கம் என்பதால் அசலிலேயே அளவு முன்பின் இருக்கும். காசின் முகத்தில் ஓரமாக மேடிட்டிருக்கும் விளிம்பின் உட்கரையிலிருந்து எதிர் உட்கரை வரை அளக்க வேண்டும். அங்கே அரம் படாது.

அப்புறம், இப்படி வார்த்ததெல்லாம் போலியா? இடைக்கால ஜப்பானில், சீனத்தின் சோங் அரசமரபுக் காலத்துக் காசுகளை, உதாரணமாக 1078–1085 காலத்து யுவான்ஃபெங் காசை, அச்சாக வைத்துத் தனியார் வார்த்தார்கள். மட்டமான காசுதான், ஆனாலும் சந்தையில் செல்லுபடியானது. இன்று சேகரிப்பாளரை ஏமாற்ற வார்ப்பதும் அதே முறையில்தான். போலி என்பது வார்த்தவரின் நோக்கத்தைப் பற்றிய தீர்ப்பு; நமக்கு வேண்டியது செய்முறைக்கான பெயர்.

‘மறுவார்ப்பு’ என்றால் உருக்கித் திரும்ப வார்த்ததாகத் தோன்றும். ‘நகல்’ புதிதாகச் செதுக்கிய அச்சுக்கும் பொருந்திவிடும். முதல்நூல், அதைத் தழுவி வந்த வழிநூல் என்கிறோமே, அந்த வழியில் ‘வழிவார்ப்பு’ என்பது என் பரிந்துரை.

இன்னொன்று: காசின் மேல் படியும் பச்சைக்குக் ‘களிம்பு’ என்ற நல்ல சொல் இருக்கும்போது ‘பாட்டினா’ எதற்கு? மருந்துக்கடைக் களிம்போடு குழம்பும் என்றால் ‘காசுக்களிம்பு’ என்று போடுங்கள். மண்ணில் கிடந்து ஊறிய களிம்பு நகத்துக்கு அசையாது. பசையில் குழைத்து ஒட்டியது பெரும்பாலும் அசிட்டோன் நனைத்த பஞ்சிலேயே வந்துவிடும்.

அன்புடன்.