அனுபவச் சான்றிதழில் விட்டுப்போன ஒரு வரி

தேனிக்காரி:
ஏழு வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர், அதாவது தற்காலிகப் பணி. போன வருஷம் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் பணிக்கு அறிவிப்பு வந்தது. ஆன்லைனில் ஏற்றியது போதாதென்று எல்லாச் சான்றிதழ் நகலையும் சேர்த்துத் தபாலிலும் அனுப்பச் சொன்னார்கள். ஸ்பைரல் போட்டுக் கொடுத்த ஜெராக்ஸ் கடை அண்ணன், "என்னம்மா, கல்யாண ஆல்பமா?" என்றார். அவ்வளவு கனம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி நேர்முகத்துக்கு ஆள் பொறுக்க 100 மதிப்பெண். முனைவர் பட்டத்துக்கு 30. தகுதித் தேர்வில் ஆய்வு உதவித்தொகையோடு (ஜேஆர்எஃப்) நெட் தேறியிருந்தால் 7, தேசியத் தேர்வான நெட் மட்டும் என்றால் 5, மாநிலத் தேர்வான செட் என்றால் 3. கற்பித்த அனுபவத்துக்கு வருஷம் 2 வீதம் அதிகபட்சம் 10. அந்தப் பத்தும் எனக்குத்தான் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

சரிபார்ப்பு மேஜையில் இருந்தவர் என் அனுபவச் சான்றிதழில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது. "சம்பளம் எங்கேம்மா?"

கல்லூரி அதை எழுதவே இல்லை. எழுதியிருந்தாலும் சிக்கல்தான். தற்காலிகப் பணி கணக்கில் சேர வேண்டுமென்றால் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்தச் சம்பளத்துக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டுமாம். அதே விதிமுறையில்தான் அதுவும் இருக்கிறது. அவர்களுக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். நான் வாங்கியது அதில் பாதிகூட இல்லை. குறைந்த கூலிக்கு வேலை வாங்குவார்களாம், கூலி குறைவு என்பதால் அது அனுபவமே இல்லை என்பார்களாம்! நேர்முக அழைப்பு வரவில்லை.

பழைய டைப்பிஸ்ட்:
சகோதரி, நான் அந்த மாதிரி மேஜைக்கு மறுபக்கம் உட்காருகிறவன். வேறொரு பல்கலைக்கழகம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு முதுநிலை முடித்துவிட்டுத் தேர்வுப் பிரிவில் தினக்கூலியாக நுழைந்தேன். விடைத்தாள் கட்டுகளுக்குச் சணல் கட்டிக் கட்டி விரல் காய்த்துப்போனது. நாலு வருஷம் கழித்துத்தான் இளநிலை உதவியாளர் ஆனேன்.

நான் பார்த்தவரை பாதி விண்ணப்பம் அடிபடுவது தாளில்தான், தகுதியில் இல்லை. சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரமா, எந்தப் பாடம், என்ன சம்பளம் என்று எல்லாம் சான்றிதழில் இருக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குக் குறைவான காலத்துக்கு விகிதப்படி மதிப்பெண் உண்டு, அதனால் தேதி முக்கியம். அப்புறம், அறிவிப்பு வந்ததும் முதலில் இனச்சுழற்சியை, அதாவது எந்த இடம் எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு என்பதைப் பாருங்கள். உங்கள் துறையில் உங்கள் பிரிவுக்கு இடமே இல்லாமல் பணம் கட்டிவிட்டு வந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

ஆய்வாளர்:
எனக்கு அழைப்பு வந்தது. அந்த 100 மதிப்பெண் வாசல் வரைக்கும்தான். உள்ளே போனபின் நேர்முகத்தில் நாம் எப்படிச் செய்கிறோம் என்பதை வைத்துத்தான் தேர்வு. பத்து நிமிஷம் இருந்திருக்கும். ஆய்வேட்டை ஒருவரும் திறக்கவில்லை. சாக்பீஸைக் கையில் கொடுத்து, "முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு நடத்துவது போல நடத்துங்கள்" என்றார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

தேனிக்காரி:
டைப்பிஸ்ட் அண்ணா, நன்றி. இன்று பழைய கல்லூரிக்குப் போய்ப் புதுச் சான்றிதழ் கேட்டேன். சம்பளத்தை எழுத வேண்டுமென்றால் கரஸ்பாண்டென்ட்டைக் கேட்க வேண்டுமாம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.