விட்டு வந்த பெர்லினுக்கு மீண்டும் ஒரு வாரம்: பழைய வீட்டைப் போய்ப் பார்க்கலாமா?

கேள்வி: பின்கட்டுவாசி

2007 முதல் 2011 வரை ஆய்வுப் பணியின் பொருட்டுப் பெர்லினில் வாழ்ந்தேன். நொய்கோல்ன் வட்டாரத்தில், டெம்பல்ஹோஃப் விமான நிலைய வேலியை ஒட்டியுள்ள ஷில்லர்கீஸ் பகுதியில், பழைய கட்டடம் ஒன்றின் பின்கட்டில் என் வீடு இருந்தது. குடியேறிய புதிதில் சிறு விமானங்கள் கூரைக்கு மேல் தாழ்ந்து வந்து இறங்கும். 2008 அக்டோபர் 30 அன்று அந்த நிலையம் மூடப்பட்டது. 2010 மே மாதம் அது பூங்காவாகத் திறக்கப்பட்டபோது, அதே ஓடுபாதையில் மிதிவண்டி ஓட்டிப் பார்த்தவர்களுள் நானும் ஒருவன். 2011இல் டேகல் விமான நிலையத்திலிருந்து கிளம்பினேன். அடுத்த ஆண்டே புதிய விமான நிலையம் திறந்துவிடும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

வரும் இலையுதிர் காலத்தில் அலுவல் காரணமாக மீண்டும் அங்கே செல்கிறேன். அலுவல் முடிந்தபின் ஒரு வாரம் எனக்கென்று கிடைக்கிறது. பிராண்டன்பர்க் வாயிலுக்கு வழி கேட்டு இதை எழுதவில்லை. பிறந்த ஊர் என்றால் எத்தனை ஆண்டுகள் கழித்துப் போனாலும் யாராவது ஓர் உறவினர் இருப்பார், போய் இறங்க ஒரு வீடு இருக்கும். பெர்லினில் எனக்கிருந்த இடமோ ஒரு வேலை, ஒரு வாடகை ஒப்பந்தம், ஒரு முகவரிப் பதிவு ஆகிய மூன்றால் ஆனது. அவை மூன்றும் முடிந்துவிட்ட நிலையில், நான் அங்கே போய் நிற்கும்போது சுற்றுலாப் பயணியா, பழைய குடியிருப்பாளனா என்பது எனக்கே விளங்கவில்லை.

பழைய வீட்டைப் போய்ப் பார்ப்பது தகுமா, அல்லது நினைவில் இருப்பதை அப்படியே விட்டுவிடுவது நல்லதா? என்னென்ன மாறிவிட்டன என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது உதவுமா? வார இறுதிகளில் பெர்கமோன் அருங்காட்சியகத்துக்குப் போகும் வழக்கம் எனக்கு இருந்தது. முதல் நாளை அதற்கென ஒதுக்கியிருக்கிறேன். மீதி நாள்களை எப்படி அமைப்பது என்று, அந்நகரில் வாழ்ந்து திரும்பிப் போய்வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: தென்வட்டப் பயணி

முதலில் உங்கள் முதல் நாள் திட்டத்தையே கலைக்க வேண்டியிருக்கிறது. பெர்கமோன் அருங்காட்சியகம் புதுப்பிப்புப் பணிக்காக 2023 அக்டோபரில் முழுவதுமாக மூடப்பட்டது. பெர்கமோன் பலிபீடம் இருக்கும் பகுதியை 2027இலும், பாபிலோனின் இஷ்தார் வாயில் இருக்கும் தென்பகுதியை 2037இலும் திறப்பதாக அறிவித்திருக்கிறார்கள். இஷ்தார் வாயிலை நம்மில் எத்தனை பேர் மறுபடி பார்க்கப்போகிறோம் என்பது அவரவர் வயதைப் பொறுத்தது. அதற்குப் பதிலாகப் புதிய தேசிய ஓவியக்கூடத்துக்குப் போங்கள். மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1968இல் திறக்கப்பட்ட அந்தக் கண்ணாடி மண்டபத்தை 2015இல் மூடி, ஆயிரக்கணக்கான உறுப்புகளைக் கழற்றிச் செப்பனிட்டுப் பழைய இடத்திலேயே பொருத்தி, 2021இல் திறந்தார்கள். வேலை நடந்த சுவடே தெரியக் கூடாது என்பதுதான் அந்தப் பணியின் நோக்கம். நீங்கள் பார்த்தபடியே அது நிற்கிறது.

மாற்றங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது என்பதே என் கருத்து. போக்குவரத்து போன்ற சில்லறை விஷயங்களில் தடுமாறினால், பார்க்க வந்ததைப் பார்க்கும் மனநிலை கெட்டுவிடும். நீங்கள் குறிப்பிடும் புதிய விமான நிலையம் 2012 ஜூனில் திறந்திருக்க வேண்டியது. தீப்புகை வெளியேற்றும் அமைப்பில் கண்ட குறைகள் முதலிய காரணங்களால் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், 2020 அக்டோபர் 31 அன்றுதான் திறந்தது. அடுத்த வாரமே, நவம்பர் 8 அன்று, டேகல் தன் கடைசி விமானத்தை அனுப்பிவைத்தது. வாடகைக் காரிலிருந்து இறங்கிச் சில அடிகள் நடந்தால் விமானத்தின் வாயிலே வந்துவிடும் அந்த அறுகோண முனையத்தின் வசதியை இனி எதிர்பார்க்க வேண்டாம். பயணச்சீட்டுக்காக நகரை ஏ, பி, சி என்று பிரித்திருக்கும் கட்டண வட்டங்களில் டேகல் பி வட்டத்துக்குள் இருந்தது. புதிய நிலையம் சி வட்டத்தில் இருக்கிறது. கை பழகியபடி ஏபி சீட்டை வாங்கிக்கொண்டு ஏறினால் பரிசோதகருக்கு 60 யூரோ அபராதம் கட்ட நேரும். ஏபிசி சீட்டு வாங்கி, ஏறுமுன் முத்திரையிட்டுவிடுங்கள். உங்கள் பகுதிக்குப் போக நகர மையத்தைத் தொடவே வேண்டியதில்லை: எஸ்பான் என்ற நகர ரயிலின் 45ஆம் தடம் ஹெர்மான்ஸ்ட்ராசேயில் நிற்கும்; அங்கிருந்து ஊபான் என்ற சுரங்க ரயிலின் 8ஆம் தடத்தில் அடுத்த நிறுத்தமே லைனஸ்ட்ராசே.

வீட்டை அவசியம் போய்ப் பாருங்கள். ஆனால் தெருவோடு நின்றுகொள்ளுங்கள். அங்கே வீடுகளுக்கு எண் கிடையாது, வாசல் மணிப் பலகையில் குடும்பப் பெயர்கள்தாம் இருக்கும் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நான் மோவாபிட் பகுதியில் குடியிருந்த வீட்டுக்குப் போனபோது, என் பெயர் இருந்த பொத்தானுக்குப் பக்கத்தில், இரண்டு குடும்பப் பெயர்களைச் சாய்கோடிட்டுக் கையால் எழுதிய சிறு தாளொன்று ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டிருந்தது. அதன் ஒரு முனை மழையில் ஊறி உரிந்து, அடியில் எனக்குப் பின்னால் வந்துபோன இன்னொருவரின் பெயரில் பாதி தெரிந்தது. அந்தப் பலகைக்கு முன்னால் சில நிமிடங்கள் நின்றுவிட்டு வந்துவிட்டேன். உள்ளே போய்ச் சமையலறையைப் பார்த்திருந்தால் அவ்வளவு கிடைத்திருக்காது.

மறுமொழி: ஊரிலேயே இருப்பவள்

நான் பெர்லினை விட்டுப் போகாதவள். திரும்பி வரும் நண்பர்களுடன் ஆண்டுதோறும் ஊரைச் சுற்றி வருபவள். அந்த அனுபவத்தில் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். திரும்பி வருகிறவர்கள் ஒவ்வொரு மூலையிலும் நின்று, இங்கே முன்பு என்ன இருந்தது என்று எங்களுக்கே விளக்குகிறார்கள். தாங்கள் கிளம்பிய ஆண்டோடு நகரம் முழுமை பெற்றுவிட்டது, அதன்பின் வந்ததெல்லாம் சிதைவு என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. நீங்கள் வந்த 2007இல் நாடாளுமன்றமும் மக்களுக்கான பொழுதுபோக்குக் கூடங்களும் இருந்த கிழக்கு ஜெர்மனியின் குடியரசு மாளிகையை இடித்துக்கொண்டிருந்தார்கள். இடித்து முடித்தபின் அங்கே புல்வெளி போட்டார்கள். உங்களுக்கு அந்தப் புல்வெளிதான் பழைய பெர்லின். அந்த மாளிகையில் நடனமாடியும் பந்துருட்டியும் இளமையைக் கழித்த கிழக்குப் பெர்லின்காரர்களுக்கோ அது வெறும் பள்ளம். இப்போது, அதே இடத்தில் நின்று 1950இல் தகர்க்கப்பட்ட பழைய அரண்மனையின் முகப்பை மறுபடி எழுப்பி, அதற்குள் ஹம்போல்ட் மன்றம் என்ற அருங்காட்சியகத்தை அமைத்து, 2021இல் பார்வையாளர்களை அனுமதித்தார்கள். எனக்கு அந்த முகப்பு பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த மூன்றில் எது அசல் என்று வாதிடுவதில் பொருளில்லை.

நின்று பார்க்க ஓர் இடம் வேண்டுமென்றால் டெம்பல்ஹோஃப் திடலிலிருந்து தொடங்குங்கள். அங்கே எதுவும் மாறாமல் இருப்பது தற்செயலாக நடந்ததன்று. ஏறத்தாழ 300 ஹெக்டேர் பரப்புள்ள அந்த நிலத்தின் ஓரங்களில் வீடுகளும் ஒரு பெரிய நூலகமும் கட்ட நகர அரசு திட்டமிட்டது. 2014 மே 25 அன்று நடந்த வாக்கெடுப்பில் மக்கள் அதை நிராகரித்து, அங்கே எதுவும் கட்டக் கூடாது என்று சட்டமாக்கினார்கள். வீட்டுப் பற்றாக்குறையைக் காட்டி ஓரங்களிலாவது கட்டலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. இன்றைக்கு ஓடுபாதையும், வானம்பாடிகள் கூடு கட்டும் புல்வெளியும் நீங்கள் 2010இல் கண்டபடியே இருக்கின்றன.

வேலிக்கு இந்தப் பக்கம் கதை வேறு. விமான இரைச்சல் இருந்தவரை ஷில்லர்கீஸில் வாடகை மலிவு. நிலையம் பூங்காவான பிறகு ஏறத் தொடங்கியது நிற்கவில்லை. 2020இல் நகர அரசு கொண்டுவந்த வாடகை உச்சவரம்புச் சட்டம் செல்லாது என்று அரசமைப்பு நீதிமன்றம் 2021 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. கடைகள், முகங்கள், மேசைகளில் பேசப்படும் மொழி எல்லாம் மாறியிருக்கும். ஆனால் அதே வாடகை உயர்வுக்கு மறுபக்கமும் உண்டு. பழைய ஒப்பந்தத்தில் மலிவான வாடகைக்கு இருப்பவர்கள், வீடு சிறியதானாலும் பெரியதானாலும், இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். விட்டால் அதே வாடகைக்கு இன்னொன்று கிடைக்காது. ஆகையால் அந்த மணிப் பலகையில் உங்கள் பெயரைத் தேடாதீர்கள். அக்கம்பக்கத்தார் பெயர்களைத் தேடுங்கள். ஒன்றிரண்டு இருக்கவே வாய்ப்புண்டு.

மறுமொழி: பின்கட்டுவாசி

இருவருக்கும் நன்றி. பெர்கமோன் மூடப்பட்டதை அறியாமல் போயிருந்தால் முதல் நாளே மனம் சோர்ந்திருப்பேன். அக்கம்பக்கத்தார் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். பக்கவாட்டுக் கட்டின் தரைத்தளத்தில் தனியாக வாழ்ந்த ஒரு பெரியவர், நான் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் நேரங்களில் எனக்கு வரும் பொதிகளையெல்லாம் வாங்கி வைத்துக் கொடுப்பார். அவருக்கு அப்போதே எழுபதை நெருங்கும் வயது. பலகையில் அவர் பெயர் இன்னும் இருந்தால் மணியை அழுத்தலாமா, அல்லது அது தொந்தரவாகிவிடுமா?

மறுமொழி: நூலகத்து மேசை

திடீரென்று மணியை அழுத்தாமல், கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே ஓர் அஞ்சலட்டை எழுதிவிடுங்கள். பெயரும் முகவரியும் உங்களிடம் இருக்கின்றன. இன்ன கட்டில், இன்ன ஆண்டுகளில் குடியிருந்தவன் என்று உங்களை நினைவூட்டி, வரும் நாளையும் தொலைபேசி எண்ணையும் குறித்து, சந்திக்க இயலாவிட்டாலும் வருத்தமில்லை என்று ஒரு வரி சேருங்கள். வயதானவர்களுக்கு எதிர்பாராத விருந்தாளியைவிட, எதிர்பார்த்திருக்கும்படியான விருந்தாளி நல்லது. பதில் வராவிட்டால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு, மணியை விட்டுவிடலாம்.

முந்தைய இருவரும் இடங்களைப் பற்றியே பேசினார்கள். என் அனுபவத்தில் வாரத்தின் பெரும்பகுதியை மனிதர்களுக்கு ஒதுக்குவதே சரி, அதற்கான வேலை இங்கிருந்தே தொடங்க வேண்டும். உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு நேரே போய்க் கதவைத் தட்டினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர்களைத் தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருப்பதற்கு, முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவான வரம்பிட்டிருக்கிறது. நிரந்தரப் பணியிடங்கள் குறைவாதலால் உங்களோடு இருந்தவர்கள் நாலா திசையும் சிதறியிருப்பார்கள். பேராசிரியர் ஓய்வு பெற்றிருக்கலாம். செயலரும் தொழில்நுட்பப் பணியாளரும் அநேகமாக அங்கேயே இருப்பார்கள். யார் எங்கே போனார்கள் என்ற முழுக்கணக்கும் அவர்களிடம்தான் இருக்கும். முதல் கடிதத்தைச் செயலருக்கு எழுதுங்கள்.

ஒரு நாளையாவது திட்டமின்றி விடுங்கள். அந்நாளில் முன்பு செய்ததுபோல் காலையில் எதையாவது எடுத்துக்கொண்டு போய் அரசு நூலகத்தில் உட்காருங்கள். உன்டர் டென் லிண்டனில் உள்ள பழைய கட்டடம் உங்கள் காலத்தில் சாரம் கட்டிக் கிடந்திருக்கும். அதன் புதிய மைய வாசிப்பறை 2013இல் திறந்தது. போட்ஸ்டாமர் தெருவில் 1978இல் திறந்த மற்றக் கட்டடமோ, படிநிலைத் தளங்களும் அகன்ற மாடங்களுமாக, நீங்கள் அறிந்தபடியே இயங்குகிறது. ஒரு நகரத்தில் குடியிருந்ததன் பெரும்பகுதி இப்படி ஒன்றும் நடக்காத நாள்கள்தாம். சுற்றுலாப் பயணிக்கு அவை வாய்ப்பதில்லை. உங்களுக்கு எங்கே போய் உட்காரலாம் என்று தெரியும்.

மறுமொழி: ஊரிலேயே இருப்பவள்

அஞ்சலட்டை நல்ல யோசனை. அதில் நேரம் குறிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். திடலின் வாயில்களைச் சூரியன் மறையும் வேளையில் பூட்டிவிடுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பிய பிறகு, மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். பெரியவரைப் பிற்பகலில் சந்திப்பதாக இருந்தால் திடலைக் காலையில் முடித்துக்கொள்ளுங்கள். ஓடர்ஸ்ட்ராசே பக்கத்து வாயில்கள்தாம் உங்கள் பழைய வீட்டுக்கு அருகில்.