புதுப்பிப்பு: பார்வையற்ற அத்தையுடன் நீலகிரியில்

பார்வையற்ற என் அத்தையை நீலகிரியில் எங்கே அழைத்துச் செல்லலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் காட்சிமுனைகளைப் பரிந்துரைத்தீர்கள் (அன்புக்கு நன்றி, ஆனாலும்!). மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறியதுதான் சரியாக அமைந்தது. கல்லாறு தாண்டியதும் பற்சக்கரம் பல் தண்டவாளத்தைக் கவ்வும் ஓசை, பின்னாலிருந்து தள்ளும் நீராவி எஞ்சினின் மூச்சு, வழியில் வரும் சுரங்கங்களில் பயணிகள் போட்ட கூச்சல் என எதையும் அத்தை விடவில்லை. குன்னூரில் டீசல் எஞ்சினை மாட்டியதும், "இதில் சுவையே இல்லையே" என்றார்.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் ஏற்றம் அதிகம், பூக்களைத் தொடவும் முடியாது. அதைத் தவிர்த்துவிடலாம். தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனால், கூட்டமில்லாத காலையில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். வாடவைத்த இலையையும் உருட்டிய இலையையும் அத்தையின் கையில் அள்ளிக் கொடுத்தார்கள்.