வாலூன்றி: பின்பக்கம் தாழ்ந்து நிற்கும் பழைய விமானங்களுக்கு ஒரு சொல்

எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் டில்லி போனபோது பாலத்தில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு மகளைக் கூட்டிப்போனேன். (பாலம் என்பது ஊர்ப் பெயர்; ஆறு எங்கே என்று அவளும் கேட்டாள்.) வெளியே வெயிலில் ஹன்ட்டர், நாட் என்று ஜெட் விமானங்கள். உள்ளே கொட்டகையில் கிழங்கள்: வாப்பிட்டி, லைசாண்டர், ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர், டெம்பெஸ்ட். 1933 ஏப்ரலில் கராச்சியில் இந்திய விமானப்படையின் முதல் அணி தொடங்கியபோது அதனிடம் இருந்தவை நான்கே நான்கு வாப்பிட்டிகள். அந்த வகையில் ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. மகளுக்கு வந்தது. "இதெல்லாம் ஏன்ப்பா நாய் உக்காந்த மாதிரி இருக்கு?"

அப்படித்தான் இருக்கின்றன. இறக்கைக்கு அடியில் இரண்டு பெரிய கால்கள், மூக்கு கூரையைப் பார்க்கிறது, வால் தரையை ஒட்டிக் கிடக்கிறது. வெளியே நிற்கும் ஜெட்களுக்கு மூன்றாவது கால் மூக்கடியில் இருப்பதால் அவை சமமாக நிற்கின்றன.

இந்தக் கிழங்களை ஆங்கிலத்தில் டெயில்டிராகர் என்கிறார்கள். வாலிழுவை என்று எழுதிப் பார்த்தேன். டிராக்டர் ஞாபகம் வருகிறது. 'பழைய விமானம்' என்று தப்பிக்கவும் முடியாது. அதே வளாகத்தில் நிற்கும் லிபரேட்டர் இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சு விமானம்தான், ஆனால் அதற்கு மூக்கடியில் சக்கரம். நல்ல சொல் யாராவது தாருங்கள்.

*

குந்தி நிற்பதால் 'குந்தி'. கர்ணன் கோபித்துக்கொள்ளாவிட்டால் சரி.

*

வணக்கம். குந்தி வேண்டாம், சிரிப்பு நிற்காது. 'வால்சக்கர விமானம்' என்று பலர் எழுதுவார்கள். ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கம் சைக்கிளுக்கும் காருக்கும் சில்லுதான், சக்கரம் என்றால் கோயில் சக்கரம். கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் சிப்மங்க் விமானமும் இந்தச் சாதிதான். 1951இல் இலங்கை விமானப்படை தொடங்கியபோது பயிற்சிக்கு வந்தது. அதை நாங்கள் 'வாற்சில்லு விமானம்' என்போம், நீங்கள் வேறு சொல்வீர்கள். இரண்டு கரைக்கும் பொதுவாக ஒன்று கிடைக்காதா?

*

தம்பி, நான் விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டர், அதாவது விமானத்தின் உடலைப் பழுதுபார்க்கிற ஆள். ஓய்வு பெற்று வெகுநாளாகிறது. கையால் தொட்டு வேலை பார்த்தது எச்.டி.-2 பயிற்சி விமானம். அதுவும் இப்படித்தான் நிற்கும்.

மகளிடம் சொல்லுங்கள்: முன்னால் இருக்கும் சுழலி (புரொப்பெல்லர்) பெரிது, அது தரையில் இடிக்காமலிருக்க மூக்கு உயரவேண்டும். அந்தக் காலத்து ஓடுபாதை பாதி இடங்களில் வெறும் புல்தரை, மூக்கடியில் ஒல்லியான காலை வைத்தால் குழியில் மாட்டி முறியும். விலை என்னவென்றால், தரையில் ஓடும்போது விமானிக்கு நேரே முன்னால் இருப்பது தெரியாது. ஸ்பிட்ஃபயர் ஓட்டியவர்கள் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே போவார்கள். எடை முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால் நேராக ஓடவும் அடம்பிடிக்கும். சைக்கிள் ரிக்சாவைப் பின்னோக்கி வேகமாகத் தள்ளிப் பாருங்கள், புரியும். கொஞ்சம் அசந்தால் வால் முன்னால் வந்து தரையிலேயே ஒரு தட்டாமாலை.

காற்று பலமாக அடித்தால் வால் கிளம்பாமலிருக்க ஆளை ஏற்றி உட்கார வைப்பதும் உண்டு. 1945இல் இங்கிலாந்தில் ஒரு ஸ்பிட்ஃபயரின் வாலில் உட்கார்ந்திருந்த விமானப்படைப் பெண் ஊழியர் இறங்குவதற்குள் விமானி கிளம்பிவிட்டார். அந்த அம்மா வாலைக் கட்டிப்பிடித்தபடியே வானத்தில் ஒரு சுற்றுப் போய் உயிரோடு இறங்கினார்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். டைகர் மாத் விமானத்துக்கு வாலடியில் சக்கரமும் இல்லை, சில்லும் இல்லை. சறுக்கிப் போகும் ஓர் இரும்புத் துண்டு, அவ்வளவுதான். பிரேக் இல்லாத அந்த விமானத்துக்குப் புல்லைக் கீறும் அந்தத் துண்டுதான் பிரேக். அதனால் வாலடியில் என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அது என்ன செய்கிறது என்று பார்த்தால் நல்லது. வாலை ஊன்றி நிற்கிறது. 'வாலூன்றி' என்றால் என்ன?

*

ஐயா, கேட்டதும் பிடித்துவிட்டது. 'ஊன்றி' வினையெச்சம் ஆயிற்றே, 'வாலூன்றி நின்றது' என்று எழுதினால் குழம்பாதா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். குழம்பாது என்றே நினைக்கிறேன். இடிதாங்கி, சுமைதாங்கி, மண்வெட்டி எல்லாம் இதே கட்டுமானம்தான். 'மண் வெட்டிப் போட்டான்' என்று யாரும் மண்வெட்டியைத் தூக்கிப் போடுவதில்லை.

ஜெட் வந்ததும் இந்த வகை ஏன் ஒழிந்தது என்றும் தேடினேன். வால் தாழ்ந்திருந்தால் சூடான புகை ஓடுபாதையைப் பொசுக்கும். ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 262 முதலில் வாலூன்றியாகத்தான் இருந்தது. 1942 ஜூலையில் ஜெட் விசையில் மட்டும் அது முதன்முறை கிளம்பியபோது, விமானி பாதி ஓட்டத்தில் பிரேக்கை ஒரு தட்டுத் தட்டி வாலைத் தூக்க வேண்டியிருந்தது. (பாருங்கள், வாக்கியத்தில் சொல் தானாக உட்கார்ந்துவிட்டது.)

பாலத்தில் இந்த விவாதத்துக்கே உட்படாத ஒன்றும் இருக்கிறது: ஜப்பானின் ஓக்கா. பெரிய விமானத்தின் வயிற்றில் தொங்கிப்போய், விமானியோடு கப்பலில் மோதுவதற்காகச் செய்தது. அதற்குக் கால்களே இல்லை. தரையிறங்கும் எண்ணம் இருந்தால்தானே.

இனி மூக்கடியில் சக்கரம் வைத்த மற்ற வகைக்கு ஒரு சொல் வேண்டும். 'மூக்கூன்றி' என்று உடனே எழுதிவிடாதீர்கள். வாலூன்றியில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் அது குப்புறச் சாய்ந்து மூக்கைத்தான் ஊன்றும்.