அர்மீனியாவில் இலையுதிர்காலக் கார் பயணம்: வழித்தடம் பற்றி ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் நானும் என் மனைவியும் எரெவானில் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆறு நாட்கள் அர்மீனியாவைச் சுற்றிவரத் திட்டமிட்டுள்ளோம். கார்னி கோயிலும், மலையைக் குடைந்து அமைத்த கெகார்த் மடாலயமும் அருகருகே இருப்பதால் முதல் நாளில் குழப்பமில்லை. மறுநாள், புனித கிரிகோரி பதின்மூன்று ஆண்டுகள் சிறைவைக்கப்பட்டிருந்ததாக நம்பப்படும் கோர் விராப் மடாலயத்துக்குச் சென்று, எல்லைக்கு அப்பால் துருக்கியில் நிற்கும் அரராத் மலையைக் கண்குளிரக் காண வேண்டும். செவான் ஏரி கடைசி நாளுக்கு.

எங்கள் தயக்கமெல்லாம் தெற்கே உள்ள ததேவ் மடாலயத்தைப் பற்றியதுதான். எரெவானிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளும் மலைப்பாதையில், செந்நிறப் பாறைகளுக்கு நடுவே இருக்கும் நோரவாங்க் மடாலயத்தையும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் ததேவுக்கு அருகிலுள்ள கோரிஸ் நகரை அடைந்துவிட முடியுமா, அல்லது இடையில் எங்காவது தங்கிவிடுவது நல்லதா? ததேவுக்குச் செல்லும் 5.7 கிலோமீட்டர் ரோப் காரில் ஏற என் மனைவிக்கு அச்சம் (எனக்கும்தான், வெளியே சொல்வதில்லை). பள்ளத்தாக்கில் இறங்கி ஏறும் வளைவுச் சாலையில் சிறிய கார் சிரமமின்றிப் போகுமா? 2,300 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள வோரோதான் கணவாயில் மாதக் கடைசியில் பனி தடையாகுமா? அந்தப் பருவத்தில் சென்றுவந்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.